பதினான்கு துண்டும் ஒரு நோட்டீசும்

ஒத்தக்கடை,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் நல்லகாமன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அன்னக்கொடியின் கணவன் முத்திருளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் மருமகன் முத்துக்குமரனும் அவன் சம்சாரமும் ஆடு மாடுகளும் நலமாக இருக்கக் குலசாமி துணை. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கும் ஆதாரம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

இருபத்தேழு தடவை போன் போட்டும் நீங்கள் எடுக்கவில்லை. ஆடிட்டர் சூர்யபிரகாஷ் தம்பிதான், "ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்கண்ணே, கேட்டதுக்கு ஒரு சாட்சியாச்சும் மிஞ்சும்" என்றார். அதனால்தான் சொந்த மச்சானுக்கே கோர்ட்டு சம்மன் மாதிரி ஒரு கடிதம். மன்னிக்கவும்.

நான் உதிரிபாகக் கடையில் பதினாறாயிரம் சம்பளத்துக்கு பில் போடுகிறவன் என்பதும், முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் மொய் எழுதுவேன் என்பதும் நீங்கள் அறிந்ததே. பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதியதில் எனக்கு மார்க் வரவில்லை, கையெழுத்து வந்தது. அதை நம்பித்தான் இந்தப் பக்கத் தொழில். கூலி ஆயிரத்தைந்நூறு, ஒரு துண்டு, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடும் உரிமை. இதற்குள் கம்ப்யூட்டர் மொய்க்காரர்கள் வந்து, ஐநூற்றொன்று வைத்தவனுக்கும் ரசீது அடித்து நீட்டியதும் என் பேனாவுக்குக் கிராக்கி போய்விட்டது. நாமும் காலத்தோடு ஓடுவோம் என்று கியூஆர் அட்டையும், பணம் வந்தால் தொகையைச் சொல்லிக் கத்துகிற பெட்டியும் வாங்கினேன். அதைக் கொடுக்க வந்தவர் போனைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன யாவாரம்ணே?"

"மொய்."

"அப்புடி ஒன்னு இதுல இல்லண்ணே. சாப்பாடு கீப்பாடு உண்டா?"

"அதெல்லாம் உண்டு, நல்லாவே சாப்புடுவேன்."

"அப்ப கேட்டரிங்னு போட்டுர்றேன்."

அந்த ஒரு வார்த்தைதான் மச்சான் என்னைக் குழியில் தள்ளியது. அந்த வருசம் பதினான்கு விசேஷத்துக்கு என் அட்டைதான் மேசையில் நின்றது. பெட்டி மண்டபமே அதிரக் கத்துவதைக் கேட்பதற்காகவே பலர் நூறு ரூபாய் கூடப் போட்டார்கள். நானும் ஏதோ பெரிய மனுசன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு வருசம் கழித்து வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ். கேட்டரிங் தொழிலில் முப்பத்தொரு லட்சம் வரவாம், கணக்குத் தாக்கல் செய்யவில்லையாம், இருபது நாளில் விளக்கம் சொல்ல வேண்டுமாம். அடுப்பில் பொங்குகிற பாலை இறக்கத் தெரியாதவன், முப்பத்தொரு லட்சத்துக்குச் சமைத்திருக்கிறேன்!

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடினேன்.

"இதுல உங்க சொந்த வருமானம் எம்புட்டுண்ணே?"

"இருபத்தோராயிரமும் பதினாலு துண்டும்."

"துண்டு வேணாம்ணே."

"ஏற்கெனவே விழுந்திருச்சே தம்பி."

அவர் சிரிக்கவில்லை. மிச்சப் பணம் எங்கே என்றார். வந்த மறுநாளே எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கினீர்களா என்றார். "மொய்ப்பணத்தக் குடுத்துட்டு கையெழுத்துக் கேட்டா செருப்பக் கழட்டுவாக தம்பி" என்றேன். "இப்ப வாங்கலேன்னா வரி, வட்டி, அபராதம்னு எட்டு ஒம்பது லட்சம் வரும். பரவால்லியா?" என்றார். எனக்கு அந்த ஏசி அறையிலேயே வியர்த்துவிட்டது. எட்டு லட்சம் என்றால் மூன்று சென்டில் பாதிச் சுவரோடு நிற்கிற வீடு போச்சு. மகள் தாமரைச்செல்வியின் நர்சிங் கடைசி வருசமும் போச்சு.

சரி, கையெழுத்து வாங்குவோம் என்று முதலில் வண்டியூர் ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனேன். பேத்திக்குக் காது குத்தியவர். "மொய் வாங்குனேன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கும் காயிதம் வராதா? நல்லா இருக்கேப்பா நாயம்!" என்றார். மொய் வருமானம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று நான் ஆடிட்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஒன் மச்சான் மொதல்ல போடட்டும். சொந்த மச்சானே நம்பாத ஆள நாங்க எப்புடி நம்புறது?" என்றார். அதே பேச்சை இன்னும் ஏழு வீட்டில் கேட்டேன். என் மானம் அத்தனையும் உங்கள் ஒரு கையெழுத்தில் தொங்குகிறது.

அதைக் கேட்கத்தான் போன ஞாயிறு உங்கள் வாசலுக்கு வந்தேன். பங்காளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, காப்பித் தண்ணிகூட வரவில்லை, அதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "கையெழுத்தா? மொத இருபதாயிரத்த வையி மாப்ள. முத்துக்குமரன் கல்யாண மொய்யில ஒன் பெட்டியில விழுந்தது நாலு எம்பத்திரெண்டு. நீ கொண்டாந்தது நாலு அறுவத்திரெண்டு. தங்கச்சி மொகத்துக்காக ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தேன்."

மச்சான், அன்றைக்கு நீங்கள் போன் பேசிக்கொண்டேதான் எண்ணினீர்கள். நடுவில் பந்தல்காரன் வந்தான், அப்புறம் சமையல்காரன் வந்தான். பிசகு உங்கள் விரலில். ஒரு ரூபாய் தொட்டிருந்தால் என் கை விளங்காமல் போகட்டும் என்று சாமி மேல் ஆணையிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் கண் கலங்கி, ரோடு தெரியாமல் வந்தேன். அன்னக்கொடி அன்றிலிருந்து என்னோடும் பேசவில்லை, உங்களையும் திட்டவில்லை. இதில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நோட்டீஸ் வந்து பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது, இன்னும் எட்டு நாள்தான். நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரமும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, மொய் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். திருட்டுப் பட்டம் கட்டியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்ல மாட்டேன். அது உங்கள் மனச்சாட்சிக்கு விட்டது.

அக்காவுக்கு என் கும்பிடு. மருமகனுக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் அடுத்த சித்திரைக்குள் மடியில் ஒரு பிள்ளை தவழட்டும். கறவை மாடு நின்று கறக்கட்டும். உங்கள் முழங்கால் வலி என் காலுக்கு வேண்டாம், ஆனால் உங்களை விட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துக்காகக் காத்திருக்கும்
முத்திருளன்

பின்குறிப்பு: மேலே உள்ளது காலையில் எழுதியது. உறையை ஒட்டும் முன், ஆடிட்டர் கேட்டாரே என்று தாமரைச்செல்வியை பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க மாமாவுக்கு எடுத்தது நாலு அறுவத்திரெண்டுதான்" என்றாள். அதை எடுத்த அதே திங்கட்கிழமை மதியம் என் கணக்கிலிருந்து அவள் கல்லூரிக்கு இருபதாயிரம் போயிருக்கிறது. "அன்னைக்கு உங்க காசுன்னு அதுல ஆயிரத்து எண்ணூறுதான்ப்பா கெடந்துச்சு." உங்களுக்குச் சேர வேண்டிய மீதி இருபதாயிரத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் வருகிறது மச்சான். சேர்த்தது ஞாபகம் வரவில்லை. என் காசு எது, ஊர்க்காசு எது என்று எனக்கே தெரியாதபோது வரி ஆபீசைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஆகையால் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருபதாயிரத்தோடு வருகிறேன். அதே பங்காளிகளை உட்கார வைத்து எண்ணுங்கள். அதற்கப்புறம் மனசு வந்தால் போடுங்கள். ஆணையிட்ட கையைப் பற்றிச் சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பணம் ஏது என்பீர்கள். பிள்ளை காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். அவள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக நீங்கள் போட்டது. நாளைக்கு அதை அடகு வைக்கப் போகிறேன். உங்கள் மொய்ப்பணத்தில் படித்தாள். உங்கள் தோட்டை வைத்து உங்கள் கடனை அடைக்கிறாள். நடுவில் நான் வெறும் கியூஆர் அட்டை.