மேனேஜர் திருகிய குழாய்

"ஏங்க, சமையல்கட்டுக் குழாய் சொட்டுது. கொஞ்சம் பாருங்களேன்."

மேனேஜர் அன்றைய பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். மேனேஜ் பண்ணத்தான் ஒன்றும் மிச்சமில்லை. மனைவி வெங்காயம் நறுக்கினால் பின்னால் போய் நின்று, "இவ்வளவு பெரிசாவா நறுக்குவே?" என்பார். துணி உலர்த்தினால் கொடியில் எதற்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று யோசனை சொல்வார். அவள் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் முகம் சுருங்கிப் போகும். இனித் தன்னால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற எண்ணம் அவரைச் சில நாளாக அரித்துக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றார்.

"வீட்டுல நீங்க இருக்கும்போது பிளம்பர் எதுக்கு?"

பேப்பர் தானாக மடிந்தது. மேனேஜர் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

ஆபீஸில் எந்தப் பிரச்சினை வந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்ப்பது அவர் வழக்கம். குழாயைச் சுற்றிவர முடியாது, பின்னால் சுவர். எனவே குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். இறுக்கினால் நின்றுவிடும் என்று முடிவுசெய்து தலைப்பக்கத்தை இறுக்கினார். சொட்டிக்கொண்டிருந்தது நூலாக ஒழுகியது.

"அப்போ எதிர்ப்பக்கம் திருகணும்," என்று தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டார்.

திருகினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு கூரைவரை போய், பொறுப்பாக அவர் தலையிலேயே வந்து விழுந்தது.

"மாடி வால்வை மூடு! ஓடு!" கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு கத்தினார்.

மனைவி பதறவில்லை. நிதானமாகப் படியேறிப் போய் மூடிவிட்டு வந்து துண்டை நீட்டினாள்.

"முதல்லயே வால்வை மூடிட்டு ஆரம்பிச்சிருக்கணும்," என்றார் அவர் தலையைத் துவட்டியபடி.

"ஆமாங்க."

"எனக்குத் தெரியும். மறந்துட்டேன், அவ்வளவுதான்."

"யாரு இல்லேன்னாங்க?"

தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து ஆணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குழாய்க்கு வாஷர் வேணும்."

"என்ன சைஸ் சார்?"

மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "இதை வச்சு அடைச்சேன், சரியா இருந்துச்சு."

கடைக்காரர் அந்த விரலை மரியாதையோடு பார்த்துவிட்டு, பல அளவில் ஒரு பிடி வாஷரை அள்ளிக் கொடுத்தார். அதில் பொருத்தமானது ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மேனேஜருக்குக் கெட்டியாக இருந்ததுதான் பிடித்தது. பெரிய வாஷராகப் பார்த்து உள்ளே திணித்து, மேலே தலையை வைத்து ஓங்கி ஒரு திருகு திருகினார். உள்ளே எதுவோ மளுக்கென்றது. அதன்பின் குழாய் எந்தப் பக்கம் திருகினாலும் சும்மா சுற்றியது.

மறுபடி கடை. "வாஷர் எல்லாம் சரிப்படாது. புதுக் குழாயே குடுங்க."

புதுக் குழாயை மாட்ட வேண்டுமானால் பழையதைக் கழற்ற வேண்டும். இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரைப் பிடித்து, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். குழாய் வந்தது, அவரும் சேர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் பாதிக் குழாய்தான் இருந்தது. மீதிப் பாதி சுவருக்குள் பத்திரமாக இருந்தது.

அதை எடுக்க உளி பிடித்தார். முதல் அடியில் டைல்ஸ் விரிசல் விட்டது. விரிசல் விட்டதை எடுத்துவிடலாமே என்று நெம்பியதில், ஒரு பாவமும் அறியாத பக்கத்து டைல்ஸும் கழன்று பாத்திரத் தொட்டியில் விழுந்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கை முழுக்கச் சோப்பு நுரை. வால்வு மூடியிருந்ததால் குளியலறையிலும் தண்ணீர் இல்லை. ஊறிய துணியெல்லாம் அப்படியே கிடந்தது. உடைந்த சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடி கிடி பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். திட்டாததுதான் தாங்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"பிளம்பரைக் கூப்பிடு. நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவள் கூப்பிட்டது ஹார்டுவேர் கடைக்காரரை.

கடைக்காரர் வந்தார். உடைந்த துண்டை உள்ளேயிருந்து எடுக்கிற முறுக்குக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவரே அதை ஓட்டைக்குள் நுழைக்கப் போனபோது மனைவி குறுக்கே வந்தாள்.

"நீங்க காட்டினா போதும். அவரே பண்ணுவாரு."

"எனக்கு வேண்டாம்மா," என்றார் மேனேஜர்.

"பிடிங்க, சொல்றேன்," என்று மனைவி கம்பியை அவர் கையில் திணித்தாள்.

பிடித்தார். இந்தமுறை அவசரப்படவில்லை. மெல்லத் திருகினார். சுவருக்குள் அடம்பிடித்துக்கொண்டிருந்த துண்டு அசைந்தது, சுற்றியது, வெளியே வந்துவிட்டது. புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினார். தலைகீழாகச் சுற்றி, பிரித்து, மறுபடி சரியாகச் சுற்றினார். குழாயைப் பொருத்தி, கையால் இறுகும் மட்டும் இறுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டுக் குனிந்து கத்தினார்.

"வருதா?"

"ஜோரா வருதுங்க!"

"ஒழுகுதா?"

"ஒரு பொட்டு இல்ல!"

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சம்பள உயர்வு வந்த நாட்களில்கூட அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. டைல்ஸை நாளை தானே ஒட்டிவிட வேண்டும், அதோடு குளியலறை ஷவரையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டபடி படியிறங்கினார். சமையல்கட்டு வாசலை நெருங்கியபோது உள்ளே கடைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நீங்க போன்ல சொன்னதால சொல்றேன், அடுத்த தடவை சாருக்கு ஏதாவது வேலை வைக்கணும்னு தோணுச்சுன்னா, இந்த மாதிரி குழாயை லூசாக்கி விடாதீங்க, அலமாரிக் கைப்பிடி மாதிரி, தண்ணி வராத எதையாவது கழட்டி வைங்க."