சலவைக்குப் போனவன் தலைவனான கதை

மரியாதைக்குரிய மெர்வின் அண்ணனுக்கு, தம்பி ஆர்லன் பண்ணையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜோலீனும் பன்றிகளும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் அடங்கியிருக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேண்டிக்கொண்டேன். இதோடு மரியாதை முடிந்தது. இனி வருவதெல்லாம் திட்டு. உட்கார்ந்து படி.

போன வருஷம் நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே நீ என் பிள்ளைக்கு ஒரு பிரசங்கம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "காலேஜ்ல சேந்தா மட்டும் போதாதுடா கைல். எங்க சகோதர சங்கத்துல சேரு. நட்பு, தலைமை, பொறுப்பு, மூணும் ஒரே கூரைக்குக் கீழ கெடைக்கும்" என்று கத்தியை ஆட்டினாய். கோட்டில் உங்கள் சங்கத்தின் மூன்று கிரேக்க எழுத்து பொறித்த பேட்ஜ் வேறு பளபளத்தது. கைல் எப்படிப்பட்டவன்? காரில் இருந்தபடியே பர்கர் வாங்கும் கடையில் ஒலிபெருக்கி "என்ன வேணும்?" என்று கேட்டால், அம்மாவைச் சொல்லச் சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றுகிறவன். அவனைப் போய் நாற்பது தடிப்பயல்கள் சேர்ந்து தங்கிப் படிக்கும் உங்கள் சங்க வீட்டில் சேர்த்துவிட்டாய். சரி, நட்பு கிடைத்தது, மறுக்கவில்லை. விடுமுறைக்கு வந்தால் டக்கர் அப்படிச் சொன்னான், டக்கர் இப்படிச் செய்தான் என்று ஒரே டக்கர் புராணம். அந்த டக்கர் கடைசி வருஷம் படிக்கிறவன், கைலின் அறைத்தோழன், நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டே இருக்கிறவன்.

தலைமை எப்படிக் கிடைத்தது தெரியுமா? திங்கட்கிழமைக் கூட்டத்தில் தேர்தல். உங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா, பதவிக்கு நிற்கிறவன் வெளியே போய்விட வேண்டும், மற்றவர்கள் உள்ளே அவனை அலசுவார்கள். "தலைவருக்கு யாருப்பா நிக்கிறீங்க?" என்று கேட்ட அதே நேரம் பார்த்து நம்ம பையன் எழுந்து வெளியே போயிருக்கிறான், கீழே மெஷினில் கிடந்த ஈரத்துணியை உலரப் போடுவதற்கு. இவனுங்க என்ன நினைப்பானுங்க? "ஏய், கைல் போறான்டா! வாயே தெறக்காம இருந்து என்ன தில்லு பாரு!" என்று டக்கர் கத்த, வேறு எவனும் எழுந்திருக்காததால் ஏகமனதாக முடிந்துவிட்டது. கைல் ஒரு கையில் சாக்ஸோடு திரும்பி வந்தால் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்வதென்றால் வாயைத் திறக்க வேண்டும். அதைவிடத் தலைவனாக இருப்பதே சுலபம் என்று சும்மா இருந்துவிட்டான்.

அடுத்தது பொறுப்பு. ஊர் நூலகத்துக்கு நன்கொடை திரட்ட, மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் தொட்டுக்க லவங்கப்பட்டை ரோலும் விற்பது என்று முடிவு. நல்ல காரியம்தான். ஆனால் யாரோ ஒரு மகாபுத்திசாலி ராட்சத காஸ் அடுப்பை இரண்டாம் மாடி பால்கனியில் ஏற்றி வைத்திருக்கிறான். அனலும் புகையும் உள்ளே போய், தீப்பிடித்தால் தானாகத் திறக்கும்படி கூரையில் பதித்திருந்த தண்ணீர்க் குழாய்கள் அத்தனையும் திறந்துகொண்டு, மாடி முழுக்க மழை. தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் கல்லூரிக் குழு, வீட்டையே இழுத்து மூடலாமா என்று விசாரிக்கக் கூப்பிட்டுவிட்டது. தலைவர் வந்து பேச வேண்டுமாம்! "அப்பா, நான்தான் பேசணுமாம்" என்று கைல் போனில் சொன்னதே எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

அவனைக் கையோடு கூட்டி வருவதற்காக வண்டியை எடுத்தேன். அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போனால் சாப்பாட்டு மேஜையில் விசாரணைக்கு ஒத்திகை நடக்கிறது. டக்கர் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு கல்லூரி முதல்வர் அம்மாவாக உட்கார்ந்திருக்கிறான். "வாங்க அங்கிள், குழுவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு, நல்லா முறைங்க" என்று என்னையும் உட்கார வைத்தான். வந்த கோபத்தில் மேஜையைக் குத்தி, "அந்த அடுப்ப வெக்கச் சொன்னது யாருடா? யாரா இருந்தாலும் பேரச் சொல்லிட்டுத் தப்பிச்சுக்கோடா!" என்று கத்தினேன். கைல் என் முகத்தைப் பார்த்தான். "பேரு கேக்காதீங்க. தலைவன் நான். நடந்தது என் வீட்ல. என்ன கேக்கணுமோ என்னக் கேளுங்க" என்றான். அண்ணா, பத்தொன்பது வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. டக்கர் மெல்லுவதையே நிறுத்திவிட்டான்.

மறுநாள் குழுவிலும் அதையே சொன்னான். வீடு தப்பியது. தண்டனை என்னவென்றால், வசந்தம் வரை சனிக்கிழமைதோறும் எல்லாரும் தீயணைப்பு வண்டிகளைக் கழுவ வேண்டும். தலைவர் மட்டும் கூடுதலாக, மற்ற சங்க வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய்த் தீப் பாதுகாப்பு பற்றிச் சொற்பொழிவாற்ற வேண்டும். என் பிள்ளை! சொற்பொழிவு! எவனோ செய்த முட்டாள்தனத்தை இவன் ஏன் சுமக்க வேண்டும்? நான் தீர்மானித்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை போய் அவனைப் பெட்டி படுக்கையோடு கூட்டி வருகிறேன். நீ குறுக்கே வராதே.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளும், கூடவே கொஞ்சம் நாவடக்கமும் அருள்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் தம்பி,
ஆர்லன்

பின்குறிப்பு: மெர்வின் மச்சானுக்கு உங்கள் தம்பி மனைவி ஜோலீன் எழுதுவது. தபாலில் போடச் சொல்லி இதை என்னிடம் கொடுத்தார், நான் சனிக்கிழமை வரை போடவில்லை. வாசலை மிதித்தது முதல் தடவை என்பது சுத்தப் பொய். அந்த அடுப்பு நம் பன்றிக் கொட்டகையில் வெந்நீர் காய்ச்சுவது. இவர்தான் விற்பனைக்கு முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்து, "கீழ காத்து அடிக்குது, மேல தூக்கி வைங்கடா" என்று சொல்லிவிட்டு வந்தார். மேஜையைக் குத்தியதுகூட, தன் பெயரைச் சொல்லட்டும் என்றுதான். பயல் சொல்லவில்லை. விசாரணை அன்று தானே உள்ளே போய்ச் சொல்வதாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே போகாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கைல் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? ராத்திரி என்னிடம் சொல்லி அழுதுவிட்டார்.

இன்று அவனைக் கூட்டி வரப் போனவர், தீயணைப்பு நிலைய அதிகாரியிடம், அத்தனை பையன்களும் பார்க்க, எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டாராம். அதிகாரி ஒரு வாளியை நீட்டினாராம். இதை அவர் என்னிடம் போனில் சொல்லும்போதே பின்னால் கைலின் குரல் கேட்டது: "அப்பா, சக்கரத்துல சேறு அப்படியே இருக்கு. போன வெச்சிட்டுத் திரும்பத் தேய்ங்க."

"சரிங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.