தலைக்கு ஒன்றும் ஆகாத விபத்து

பாகூர் உரக்கடை மணவாளன் மகள் தீபிகா, போன வாரம் மண் தடத்தில் பைக் பந்தயப் பயிற்சியின்போது தலைகுப்புற விழுந்தாள். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்த இரண்டு தோசைதான் பின்னால் அவளுக்கு எதிரான முக்கியச் சாட்சியமாக மாறியது.

பந்தயத் தலைக்கவசத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. ஐந்து வருடம் ஆனால் மாற்ற வேண்டும். பலமாக ஒருமுறை அடிபட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மேல் ஓடு பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே தெர்மாகோல் நசுங்கிப் போயிருக்கும். அடுத்த அடியைத் தலைதான் நேராக வாங்கிக்கொள்ளும். பயிற்சியாளர் இதை விளக்கிவிட்டு, "ஞாயித்துக்கெழம புதுசோட வந்தாதான் பந்தயத்துல விடுவேன்" என்று முடித்துவிட்டார். தீபிகா இரண்டு வருடமாகக் காத்திருந்த பந்தயம் அது.

கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அவள் அரசுத் திட்டத்தில் ஓட்டுகிறவள். அரசு முத்திரை இல்லாத தலைக்கவசத்தை அணியும் தலை, திட்டத்தைச் சேர்ந்த தலையாகக் கருதப்பட மாட்டாது என்று விதியில் தெளிவாக இருந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, அடிபட்டதையே மாட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போனாள். அங்கேதான் ஊரக வேக விளையாட்டு ஊக்குவிப்புப் பிரிவு, ஓடாத மின்விசிறியின் கீழ் இயங்கிவந்தது. எழுத்தர் செல்லப்பன் தலைக்கவசத்தை வாங்கி, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தார்.

"வெளிய ஒரு கீறல்கூட இல்லியேம்மா. இன்னாத்துக்கு மாத்தணும்?"

"உள்ள நசுங்கிடுச்சு சார். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்குப் படிவம் கிடையாது. உன் தலைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அன்னிக்கு சாப்ட்டியா?"

"ரெண்டு தோசை கூடவே சாப்ட்டேன்."

செல்லப்பன் தோசைகளைக் கோப்பில் ஏற்றினார். "தலைக்கு ஒண்ணும் ஆகலன்னா அது விபத்தே இல்லம்மா. விபத்து இல்லன்னா மாத்த முடியாது."

"தல ஒடஞ்சிருந்தா?"

"அப்ப இந்தப் பொருள் வேலை செய்யலன்னு ஆவுது. வேலை செய்யாத பொருளையே மறுபடியும் எப்படிம்மா குடுக்கறது? ஆடிட்ல கேப்பாங்க."

விழுந்தபோது வராத தலைவலி தீபிகாவுக்கு அப்போது வந்தது. நேராக அதிகாரியின் அறைக்குள் போய்விட்டாள்.

அதிகாரி நமச்சிவாயம் நியாயமான மனிதர். எதையும் நேரில் ஆராயாமல் மறுத்ததே இல்லை. மதியச் சாப்பாடு முடியும்வரை அவளை உட்கார வைத்துவிட்டு, அறிவியல்பூர்வமான ஆய்வுக்கு உத்தரவிட்டார். தலைக்கவசத்தைத் தாமே அணிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செல்லப்பன், தபால் பதிவேட்டால ஒண்ணு போடுங்க."

இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். செல்லப்பனின் பதவி உயர்வுக் கோப்பு மூன்று வருடமாக அந்த மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் முதல் அடியை அவர் மரியாதையாகவே அடித்தார்.

"வலிக்குதா சார்?"

"இல்ல. பொருள் நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதிக்குங்க."

"ஒரே அடியில முடிவு பண்ணக் கூடாது சார். மூணு மாதிரி எடுக்கணும்."

அப்படி ஒரு விதி உண்டா என்று யாருக்கும் தெரியாததால் யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது அடியில் பதிவேட்டின் தையல் பிரிந்தது. மூன்றாவதற்குச் செல்லப்பன் பதிவேட்டை ஒழுங்காக அலமாரியில் வைத்துவிட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கினார். பதினாலு வருட சர்வீஸ் மொத்தமும் அந்தக் கையில் இறங்கியது.

நமச்சிவாயம் சிறிது நேரம் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டார்.

"செவ்வாய் சார்."

"மாத்திக் குடுத்துடுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேற்படி தலைக்கவசத்தின் சேதம், அலுவலரின் தலை மூலம் ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டது" என்று கோப்பு முடிந்தது. பழையதை ஒப்படைத்துவிட்டு, முத்திரை குத்திய புதியதைத் தீபிகா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்லப்பனும் இப்போது லேசான மனதோடு இருந்தார். "மணி மூணேகால் ஆவுதும்மா. நாலரை வரைக்கும் ராகு காலம். புதுசை இப்பத் தலையில ஏத்தாத. ஏரிக்கரைப் புள்ளையார்கிட்ட வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டுட்டு மாட்டிக்கோ."

காலையிலிருந்து அந்த ஆபீஸ் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிர்வாதம் செய்தவள், இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. "ஆமா சார், நல்லவேள சொன்னீங்க" என்றாள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் தலைக்கவசத்தை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு பாகூருக்குக் கிளம்பினாள்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டரை முந்தும்போது, வேகத்தடை ஒன்று எதிர்பாராமல் வந்தது. வண்டி தப்பித்தது. தலைக்கவசம் கழன்று பறந்து, மதகுச் சுவரில் டம்மென்று மோதி, ரோட்டில் விழுந்து உருண்டது.

"இன்னாம்மா, செம அடி! போச்சா?" என்றார் எதிர் டீக்கடைக்காரர் சிங்காரவேலு.

தீபிகா ஓடிப்போய் எடுத்தாள். உறையை உரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டியும் பார்த்தாள். உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கே நாள்தான் இருக்கிறது என்பதும் தெரியும்.

"வெளிய ஒரு கீறல்கூட இல்லண்ணே" என்றாள். "தலைக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் இது எப்படி விபத்து?"

டீக்கடையில் நின்றிருந்த நாலு பேரும் அதில் இருந்த நியாயத்தை உடனே ஒப்புக்கொண்டார்கள். தங்கள் தங்கள் தலைக்கவசங்களைப் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.