ராணுவத்துக்காக வளர்த்த கழுத்து

குறுக்கு வழி தேட நான் பட்ட பாட்டில் பாதியை நேர் வழியில் பட்டிருந்தால், ஒரு வருடம் முன்பே ராணுவ அதிகாரி ஆகியிருப்பேன்.

எங்கள் வீடு செகந்திராபாத்தில் ராணுவ முகாமை ஒட்டிய லோத்குண்டாவில். விடியற்காலையில் ஓடும் சிப்பாய்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நேர்முகத் தேர்வில் தேறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனையில்தான் உயரத்துக்கு மீறிய எடை என்று நிறுத்தி, சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அதிலும் தவறினால் எல்லாத் தேர்வும் முதலிலிருந்து.

விடுவேனா? வீடு திரும்பும் ஆட்டோவிலேயே செல்போனில் தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ராணுவத்தில் பெண்களின் கொழுப்பை டேப்பால் கணக்கிடுகிறார்களாம். வயிறு, இடுப்பு இரண்டின் சுற்றளவையும் கூட்டி, கழுத்தின் சுற்றளவைக் கழிக்க வேண்டும். (அடி சக்கை!) கழுத்து பெருத்தால் கொழுப்பு குறையும். வயிற்றைக் கரைக்க ஓட வேண்டும். கழுத்தை வளர்க்க உட்கார்ந்திருந்தால் போதும். இது எந்த நாட்டுக் கணக்கு என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவே இல்லை.

துப்பட்டாவைத் தலையில் கட்டி, முனையில் இட்லி அரிசிப் பையைத் தொங்கவிட்டு, தினமும் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். தசை வளர முட்டை, பால், பன்னீர் என்று வெளுத்துக் கட்டினேன். அம்மா மிரண்டுபோனாள்.

"கைக்குடி இந்த வேலை? நாளைக்கு வர்றவன் தாலி கட்டினா கயிறு எட்ட வேணாமா?"

"நக்கோம்மா, இது சயின்ஸ்" என்றேன். (தலைமுறைகளாக செகந்திராபாத்தில் கிடக்கும் எங்கள் தமிழில் 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம்.)

மறுபரிசோதனை அன்று சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேஜர் பதவியில் இருந்த பெண் டாக்டர் எடை பார்த்தார். கூடியிருந்தது. பிறகு இடுக்கி மாதிரி ஒரு கருவியால் மேல்கை, முதுகு, இடுப்பு என்று சதையைக் கிள்ளிக் கிள்ளித் தடிமனைக் குறித்தார். கழுத்துப் பக்கம் வரவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தை அளக்கவில்லையே என்று நானே நினைவூட்டினேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் தடவினார். தைராய்டு வீக்கமோ என்று இருவரும் கவலையோடு பேசிக்கொண்டார்கள். ரத்தம் எடுக்க ஊசி வந்ததும் பயத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன், அரிசிப் பை உட்பட.

டாக்டர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். அந்தக் கணக்கு நம் ராணுவத்தில் இல்லை என்று பொறுமையாகச் சொல்லி, 'தகுதியில்லை' என்றும் எழுதிவிட்டார்.

வெளியே வந்து அழுது தீர்த்தேன். மறுநாள் காலை ஓட ஆரம்பித்தேன். தெருநாய் துரத்தினாலும் ஓடினேன், துரத்தாவிட்டாலும் ஓடினேன். எல்லாத் தேர்வையும் திரும்ப எழுதி, அடுத்த முறை எடையிலும் தேறினேன்.

இப்போது நானும் மேஜர். வீட்டில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. போன வாரம் என் மகள், பரீட்சைக்குப் படிக்காமல், எந்தக் கேள்வி வரும் என்று யூடியூபில் தேடிக்கொண்டிருந்தாள். என் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கழுத்து வளத்தது போதும். புக்கை எடு."

மகள் மறுபேச்சில்லாமல் எடுத்தாள். மேஜர் சொல்லி அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை.