மூக்கைப் பிடித்தபடி ஒரு வரன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் வெள்ளைக் காலணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். அதில் இருப்பது நீ எனக்குப் பார்த்த வரனின் ரத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக நீ சொன்ன அந்தக் கணக்கு வாத்தியார், முன்கூட்டியே என்னை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நேற்று எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருக்கிறார். பார்வை உள்ளே இருந்ததில் எதிரே இருந்த கண்ணாடிக் கதவு தெரியவில்லை. மோதிய சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து சல்யூட் அடித்தாராம். எனக்கு ஆள் யாரென்று தெரியாது. எல்லோரையும் போல அண்ணாந்தபடி, வந்த ரத்தத்தையெல்லாம் விழுங்கி, நான் கிட்டே போனதும் என் காலணிமேல் வாந்தி எடுத்தார். "அண்ணாந்து பாக்கச் சொன்னது யாருங்க? படிச்சவர்தானே?" என்று கத்திவிட்டேன். எலும்பு உடையவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னதும், தலையைக் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தை அவர் விரலாலேயே அழுத்திப் பிடிக்கவைத்து, "வாயால மூச்சு விடுங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது" என்று மிரட்டிவிட்டுத் திரும்பினால், நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர், அவர் பின்னால் மகள்கள், மருமகன்கள், ஆளாளுக்கு ஒரு யோசனை, அந்த அமளியில் மூக்குக்காரரைச் சுத்தமாக மறந்துபோனேன்.

வேலை முடிந்து பையை எடுக்கப் போனால், மூலை நாற்காலியில் குனிந்த தலையும் பிடித்த மூக்குமாக அப்படியே இருக்கிறார். பத்து நிமிடம் பிடித்தால் போதும் அக்கா, இவர் ஒரு மாலை முழுவதும் பிடித்திருக்கிறார்.

"இன்னுமா பிடிச்சிட்டிருக்கீங்க?"

"நீங்க வந்து சொல்லலையே," என்றார், அப்போதும் கையை எடுக்காமல்.

பிறகுதான் தான் யாரென்று சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் அதற்குள் அவருக்குக் கண்ணாடிக் கதவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தக் கூத்து? தனியாகச் சாப்பிட்டு, தனியாக விளக்கை அணைத்துப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தங்கை

பின்குறிப்பு: காலணி காய்ந்துவிட்டது, கறை போகவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ மூக்குகளைப் பார்த்துவிட்டேன். ரத்தம் நின்றதா என்று நடுவில் ஒருமுறையாவது விட்டுப் பார்க்காதவர் எவருமில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல். சம்மதம் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது, நீயும் அவரிடம் மூச்சு விடாதே. நான் வந்து சொல்லும்வரை இருப்பார்.