கோழி கேட்ட கூடாரம்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்குப் பக்கத்தில், சுடலை என்ற நரி கூடாரம் அடித்துப் பலகை வைத்தது: ‘காட்டில் தங்குவது முதல் முறையா? பயம் வேண்டாம். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

பார்த்துக்கொள்வது என்றால் தின்பது. மூன்று நாளாக நரி பட்டினி. ஆனால் சிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ‘எனக்கு எல்லாம் வசதியாக இருக்கிறது’ என்று விருந்தாளி படிவத்தில் கையெழுத்துப் போடும்வரை அவர்மேல் யாரும் பல் வைக்கக் கூடாது. வைத்தால் தோலை உரித்துவிடும். இப்படிச் சட்டம் போடுகிறவன் ஒரு நாளாவது வெறும் வயிற்றோடு படிவம் நீட்டிப் பார்த்திருக்கிறானா?

மதியம் மூன்று மணிக்குப் பவுனு வந்தது. டவுனில் மொட்டைமாடிக் கூண்டிலேயே வளர்ந்த கோழி. காட்டைப் போனில்தான் பார்த்திருக்கிறது.

“வாங்கக்கா, இங்கே ஒரு கையெழுத்து…”

“இரு தம்பி. கத்திரிக்காய் வாங்கினாலே நாலு தடவை புரட்டிப் பார்க்கிறவ நான். தரை என்ன இப்படிக் குத்துது?”

நரி ஓடிப்போய் வைக்கோல் பரப்பியது.

“எறும்பு வருதே?”

நரி எறும்புப் புற்றின் முன் கைகூப்பிக் கெஞ்சி, மொத்தக் குடும்பத்தையும் ஓடைக்கு அந்தப் பக்கம் குடிமாற்றியது.

“போனுக்குச் சார்ஜ்?”

சோலார் தகட்டைத் தலையில் சுமந்துகொண்டு நரி வெயிலில் நின்றது. நாக்கு தொங்கியது. கோழியின் தொடையைப் பார்த்ததில் எச்சிலும் ஊறியது.

பொழுது சாயத் தொடங்கியது.

“இப்பவாவது போடுங்கக்கா!”

“தூங்கக் கம்பு எங்கே?”

“கூடாரத்துக்குள்ள அப்படியே படுத்துக்க வேண்டியதுதான்.”

“படுக்கவா? நான் என்ன எருமையா? உசரத்துல கம்பு இல்லாம எந்தக் கோழிடா தூங்கும்? இதுகூடத் தெரியாம கடை விரிச்சிருக்கே! நான் கிளம்புறேன்.”

வந்த சாப்பாடு நடந்து போகிறதே! நரி மரத்திலிருந்த குரங்கைக் கூப்பிட்டது.

“கோட்டை அண்ணாச்சி, கூடாரத்தை மேலே கட்டணும்!”

“எவ்வளவு மேலே?”

“அக்காவுக்கு எவ்வளவு வசதியோ, அவ்வளவு மேலே!”

“அதோ, அந்த உச்சிக் கிளை,” என்றது கோழி.

குரங்கு கட்டி முடித்தது. கோழி கிளைக்குக் கிளை தாவி ஏறி, கூடாரத்துக்குள் புகுந்து, கிளையைக் காலால் பற்றி உட்கார்ந்தது. “ஆகா! இதுதான்டா வாழ்க்கை!” கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கீழே விட்டது.

நரி தாவிப் பிடித்தது. ஒரு குத்தாட்டம் போட்டது. பிறகுதான் அண்ணாந்து பார்த்தது. அதற்கு மரம் ஏறத் தெரியாது.

“அக்கா… சாப்பாட்டுக்குக் கீழே வருவீங்கல்ல?”

“எதுக்குத் தம்பி? கூடையில வெச்சு அனுப்பு!”

பவுனு போனில் போட்ட பாராட்டைப் பார்த்து, மறுநாள் நாற்பது கோழிகள் பதிவு செய்தன. காட்டிலேயே சிறந்த உபசரிப்பு என்று சிங்கம் நேரில் வந்து சால்வை போர்த்தியது. இளைத்துப்போன நரியின் உடம்பை அந்தச் சால்வை மூன்று சுற்றுச் சுற்றியது. கைதட்டல் ஓய்வதற்குள் மேலேயிருந்து நாற்பது கூடைகள் இறங்கின. நரி குருணை அள்ளப் போனது.

நீதி: வந்தவருக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்காதே. கேட்டால் பிழைத்துக்கொள்வார்.