ரயிலுக்குப் பிந்திய விமானம்

செத்தாலும் ஆகாயத்தில் ஏறுவதில்லை என்று வெள்ளவத்தைச் சவுந்தரநாயகம் சபதம் எடுத்தார். ஆனால் அதை மனைவி சிவக்கொழுந்துவிடம் எப்படிச் சொல்வது? விமானத்துக்குப் பயந்தவர் என்று தெரிந்தால் மானம் போய்விடும்.

பம்பாயிலிருந்து மருமகன் தந்தி அடித்திருந்தார். மகளுக்கு நாளுக்கு முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது, அவளுக்குக் காய்ச்சல், உடனே வரவும். ரத்மலானையிலிருந்து பிளேன் போகிறதே, அதிலேயே போவோம் என்றாள் சிவக்கொழுந்து.

சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது, ஆகாயத்தில் ஏது என்று தொடங்கினார். காற்றுத் தள்ளுகிற பக்கமெல்லாம் பிளேன் போகுமாம். ஊருக்கு ஊர் இறங்கி எண்ணெய் குடிக்குமாம். இருட்டினால் படுத்துவிடுமாம். மேகம் மறித்தால் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குமாம். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயில் பிடிக்கிறவன் அதற்கு முந்திப் பம்பாய் போய், குளித்துச் சாப்பிட்டும் விடுவானாம்.

சாட்சிக்கும் ஆள் பிடித்தார். பக்கத்து வீட்டு மக்கீன் நானா புடைவை வியாபாரத்துக்காகப் பிளேனில் பம்பாய் போய் வந்தவர். சொல்லிக் கொடுத்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிளேன் கொஞ்சம் சுணங்கும்தான் என்றார்.

அன்று பின்னேரம் சிவக்கொழுந்து மக்கீனின் மனைவி ஹமீமாவோடு வெகுநேரம் கதைத்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, மகளுக்கு உடனே ஆள் வேணும். கெதியாப் போற ரயிலிலை நீங்கள் முந்திப் போங்கோ."

"அப்ப நீ?"

"எனக்குக் கப்பலெண்டால் தலை சுத்திச் சத்தி வரும். பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியச் சரக்கை இடிச்சுக் கட்டிக்கொண்டு, நான் ஆறுதலாப் பிளேனிலை வாறன்."

மறுக்க வாயெடுத்தார். மறுத்தால் பொய் வெளியே வந்துவிடும். எடுத்த வாயை மூடிக்கொண்டு போய்க் கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறினார்.

கடலைத் தாண்டும்வரை தன் கெட்டித்தனத்தை மெச்சினார். தாண்டிய பிறகு மகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. வண்டி நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தன் பயத்தைத் தானே திட்டினார். சென்னையில் வண்டி மாறியபோது, மகளுக்கு ஏதும் நடந்தால் இந்த நாக்கை அறுத்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

பம்பாயில் கரி படிந்த முகத்தோடு இறங்கினார். எதிரே மருமகன். பக்கத்தில், முழுகித் தலைமுடிந்து, பூவும் வைத்துக்கொண்டு சிவக்கொழுந்து.

அவள் எப்போதோ வந்துவிட்டாளாம். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து மகளைத் தேற்றினாளாம். காய்ச்சல் விட்டுவிட்டது. இன்னும் சுணங்கியிருந்தால் மகள் தாங்கியிருக்கமாட்டாள் என்று டாக்டரே சொன்னாராம்.

வீட்டில் மகள் எழுந்திருந்து சரக்குக்கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தாள். பேரன் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. சவுந்தரநாயகம் அழுதேவிட்டார்.

"கொழுந்து, நீ என்னை ஏய்ச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு. என்ரை பொய்யை நம்பியிருந்தியெண்டால் மகள் எங்களுக்கில்லை."

அவள் முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டாள். அவருக்கு வீரம் பிறந்தது.

"திரும்பிப் போகேக்கை ரெண்டு பேரும் சேர்ந்து பிளேனிலை..." என்று தொடங்கினார். குரல் நடுங்கியது.

"வேண்டாமப்பா. நீங்கள் ரயிலிலையே வாங்கோ. நான் முந்திப் போய் உலை வைக்கிறன்."